பச்சைப் பொட்டலத்தின் பொறுப்பாளர்

பெங் வென்ஷாங்குக்குப் பக்கத்து மேஜை லியாவ் மேல் இருந்த பொறாமை சம்பளத்தால் வந்ததல்ல. சம்பளம் இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். வீட்டாலும் வந்ததல்ல, இருவரும் காற்றுக்குப் பெயர்போன சின்ச்சு நகரில் ஒரே தெருவில், ஒரே காற்றுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு வாழ்கிறவர்கள். லியாவுக்கு இன்னும் தலைமுடி கொட்டவில்லை என்பதைக்கூட பெங் மன்னித்திருந்தார். மன்னிக்க முடியாதது ஒரு வரி. ‘பொறுப்பாளர்: லியாவ் ஜிங்டாங்.’

அந்த வரி என்னவென்று சொல்லிவிட வேண்டும். எங்கள் கம்பெனி திரைகளை நடத்தும் சிப் செய்கிறது. பேருந்து நிறுத்தத்திலும் லிஃப்டிலும் ஆஸ்பத்திரி வரவேற்பறையிலும் எண் காட்டுகிற திரைகளுக்குப் பின்னால் அப்படி ஒன்று உட்கார்ந்திருக்கும். அதற்கு வாய் கிடையாது. கணினியைப் போட்டதும், ‘நான் இன்னார், இங்கே இருக்கிறேன், அகலத்தில் இத்தனை புள்ளி, உயரத்தில் இத்தனை வரி, ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே இவ்வளவு மூச்சு வாங்குவேன், இந்தக் கம்பியைத் தொட்டால் விழிப்பேன்’ என்று தானாகச் சொல்லத் தெரியாது. அதற்காக ஒரு மனிதர் அதையெல்லாம் எழுதிவைக்க வேண்டும். அப்படி எழுதிய விவரக் கோப்பைப் படித்துத்தான் இயங்குதளத்தின் இயக்கு நிரல் திரையை எழுப்பும். ஓர் எண் பிசகினால் படம் சாய்ந்து நிற்கும், அல்லது எல்லா முகமும் ஊதா நிறமாகும், அல்லது ஒன்றுமே வராது.

எழுதியவரின் பெயர் கோப்பின் தலையில் பொறுப்பாளர் என்று நிற்கும். கோப்பு போகிற கணினிக்கெல்லாம் அந்தப் பெயரும் போகும். லியாவின் பெயர் அப்படி மூன்று கோப்புகளில் போயிருந்தது. அந்த மூன்று சிப்புகளில் ஒன்றுகூட இப்போது விற்பனையில் இல்லை என்பதை பெங் பலரிடம் சொல்லிப் பார்த்தார். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருடைய பெயர் எங்கேயும் இல்லை.

பொறாமை மட்டும் என்றால் அவர் பாட்டுக்கு வளர்த்துக்கொண்டு இருந்திருப்பார். அந்த வருடம் முதலாளி சியூ ஊழியர் கூட்டத்தில் எழுந்து ஒன்று சொல்லிவிட்டார்.

“யார் பேரு எந்தக் கோப்புலயும் இல்லையோ, அவர் இந்தக் கம்பெனியில இல்லைன்னு அர்த்தம். இல்லாத ஆளுக்கு எதுக்கு நாற்காலி? வருஷ முடிவு விருந்துல கோழி பார்த்துக்கும்.”

வருட முடிவு விருந்தில் முழுக் கோழி வரும். அதன் தலை யாரைப் பார்க்கிறதோ அவருக்குப் புத்தாண்டுக்குப் பிறகு அந்த இடத்தில் வேலை இல்லை. மற்ற கம்பெனிகளில் இந்த வம்பே வேண்டாமென்று தலையை வெட்டிவிட்டுப் பரிமாறுகிறார்கள். எங்கள் முதலாளி பழைய ஆள்; தலையோடு கொண்டுவரச் சொல்லி ஹோட்டலுக்குத் தனியாகப் போன் செய்வார்.

அன்று வீட்டில் அரிசி நூடுல்ஸைப் பரிமாறிக்கொண்டே பெங்கின் மனைவி யூஃபென் பேச்சை எடுத்தாள்.

“லியாவ் பொண்டாட்டியை மார்க்கெட்ல பார்த்தேன். அவ புருஷன் பேரு ஊர்ல இருக்கிற லிஃப்டுக்குள்ள எல்லாம் இருக்காம். உன் பேரு எங்க இருக்கு?”

“தபால்பெட்டியில இருக்கு.”

“அதுவும் பாதி அழிஞ்சு கிடக்கு.”

அவர் சூப்பைக் குடித்தார். அவள் விடவில்லை. கோழி உன்னைப் பார்த்தால் நான் எந்த முகத்தோடு அந்த மார்க்கெட்டுக்குப் போவது, இனிமேல் காய்க்காக ரயிலேறி ஜூபெய்க்குப் போக வேண்டியதுதானா என்று கேட்டாள்.

பெங்கிடம் ஒரு சிப் இருந்தது. பேருந்து நிறுத்தத் திரைக்காக அவரே வரைந்தது. அதற்கு விவரக் கோப்பு எழுதி, ஏழாவது மாடியில் இருக்கும் விவரிப்பு மன்றத்துக்கு அனுப்பினார். மன்றம் ஏற்றுக்கொண்டால்தான் கோப்பு. அதுவரை அது வெறும் எழுத்து.

முதல் பதில் வர நாளானது. ‘சிப்பின் இந்தப் பதிவேட்டில் ஒன்று என்ற எண்ணை எழுதினால் திரை எரியும்’ என்று அவர் எழுதியிருந்ததை மன்றம் அடித்திருந்தது. எரிவது இயக்கு நிரலின் விருப்பம் என்றும், வன்பொருளுக்கு விருப்பம் கிடையாது என்றும், இருப்பதை மட்டும் எழுதவேண்டும் என்றும் குறிப்பு வந்தது. விருப்பங்களை நீக்கி மறுபடி அனுப்பினார். இந்தத் தடவை, நாளைக்குப் பிறக்கப்போகும் தம்பிச் சிப்புகளுக்கும் பொருந்தட்டும் என்று சிப்பின் பெயரில் கடைசி எண்ணை நிரப்பாமல் அவர் விட்டிருந்த வெற்றிடம் பிடிபட்டது. பிறக்காத சிப்புக்கும் மன்றத்துக்கும் உறவில்லை என்று எழுதியிருந்தார்கள். அதற்கடுத்து, கம்பிகள் அகரவரிசையில் இல்லை என்று திரும்பியது. அகரவரிசையில் அடுக்கினார். சிப்பைப் பொருத்திய பலகையில் கம்பிகள் அந்த வரிசையில் இல்லையே என்று திரும்பியது.

என்ன ஆயிற்று என்று கேட்டு நினைவூட்டவும் முடியாது. கேட்டால் கோப்பு வரிசையின் கடைசிக்குப் போகும். கேட்காவிட்டால் அக்கறையில்லை என்று பொருள்.

இதையெல்லாம் பக்கத்து மேஜையிலிருந்து லியாவ் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நல்லவர் என்பதுதான் பெங்குக்கு இருந்த பெரிய கஷ்டம். ஒருநாள் எழுந்து வந்து, பெங்கின் சோதனைப் பலகை அடிக்கடி கண் சிமிட்டுவதைப் பார்த்துவிட்டு, தன் இழுப்பறையிலிருந்து ஒரு பச்சைப் பொட்டலத்தை எடுத்தார்.

“பெங் அண்ணே, இதை வைங்க. எனக்கு மூணு தடவையும் இதுதான் கைகொடுத்தது.”

சோளப்பொரிப் பொட்டலம். ‘சமர்த்தாக இரு’ என்பதுதான் அதன் பெயர். எங்கள் ஊரில் எந்த மெஷின் தலையிலும் ஒன்று இருக்கும். பச்சை விளக்கு எரிந்தால் நலம் என்பதால் பொட்டலமும் பச்சையாக இருக்க வேண்டும். மஞ்சளோ சிவப்போ வைத்தால் மெஷின் முரண்டு பிடிக்கும். தேதி கடந்ததை வைத்தால் கோபித்துக்கொள்ளும். வைத்ததை எடுத்துத் தின்கிற ஆளைப் பற்றி நாங்கள் பேசுவதே இல்லை.

பெங்கிடம் ஏற்கெனவே ஒரு பொட்டலம் இருந்தது, சிறியது, கடையில் தள்ளுபடியில் வாங்கியது. லியாவினுடையது பெரியது, நன்றாக ஊதியது. அலமாரித் தட்டுக்கும் பலகைக்கும் நடுவே அதைச் செருகியதும் திரை சிமிட்டுவதை நிறுத்திவிட்டுக் பளிச்சென்று எரிந்தது. அவர் நன்றி சொன்னார். அந்த ஒரு வார்த்தை தொண்டையில் மீன்முள்ளைப் போல அன்று முழுக்க இருந்தது.

எரிகிற பலகையைப் புகைப்படம் எடுத்துக் கோப்போடு இணைத்தார். மன்றம் அவரை நேரில் அழைத்தது.

ஏழாவது மாடியில் மூன்று பேர். நடுவில் தலைவர் லுவோ அம்மையார். அவருக்கு வலப்புறம் இருந்தவரிடம் ‘ஒத்துக்கொண்டேன்’ என்ற முத்திரையும், இடப்புறம் இருந்தவரிடம் ‘படித்தேன்’ என்ற முத்திரையும் இருந்தன. இருவரும் பேசுவதில்லை. மன்றத்தில் பதில் சொல்ல ஒரு முறை உண்டு. தலைவர் ஒரு வரி சொன்னால், அந்த வரியை முதலில் திருப்பிச் சொல்லிவிட்டு, அதன் கீழேதான் தன் பதிலை வைக்க வேண்டும். கடிதங்களில் இருந்த வழக்கம். அது நல்ல வழக்கம் என்பதால் வாய்க்கும் கொண்டுவந்திருந்தார்கள்.

லுவோ அம்மையார் தொடங்கினார். “இந்தக் கோப்பை எழுதினவருக்கு வன்பொருள்னா என்னன்னே தெரியல.”

“இந்தக் கோப்பை எழுதினவருக்கு வன்பொருள்னா என்னன்னே தெரியல,” என்றார் பெங். “அந்தச் சிப்பை வரைஞ்சதே நான்தாங்க, தலைவரம்மா.”

“எழுத்தைப் பார்த்தா அவர் சிப்பை நேர்ல பார்த்த மாதிரியே இல்ல.”

“எழுத்தைப் பார்த்தா அவர் சிப்பை நேர்ல பார்த்த மாதிரியே இல்ல. தினமும் பார்க்கிறேங்க. நீங்களும் ஒருதரம் கீழ வந்து பார்த்தீங்கன்னா…”

இடப்புறத்தவர் நிமிர்ந்தார். லுவோ அம்மையார் பேனாவை மூடி வைத்தார்.

“நான் இந்த நாற்காலிக்கு வந்ததுலேர்ந்து எந்தத் திரை எரியறதையும் பார்த்ததில்ல. பார்த்தா மனசு இளகிடும். இளகினா, சரி எரியுதே, விட்டுடலாம்னு தோணும். கீழ இருக்கிறவங்களுக்கு வேலை நடந்தாப் போதும். நடந்தது சரியா எழுதப்பட்டிருக்கான்னு பார்க்க யாராவது வேணும்ல? அதனாலதான் எங்க மூணு பேர் பேரும் எந்தக் கோப்புலயும் கிடையாது. நாங்க ஒண்ணையும் செஞ்சதில்ல. அதனால எங்ககிட்ட ஒரு தப்பும் இல்ல.”

இது நீண்ட வரி. பெங் திருப்பிச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது. நடுவில் ஒரு வார்த்தையை விட்டுவிட்டதால் மறுபடி முதலிலிருந்து சொன்னார்.

லுவோ அம்மையார் புகைப்படத்தைக் கையில் எடுத்தார். “பச்சையா இருக்கே, இது என்ன?”

“பச்சையா இருக்கே, இது என்ன. சோளப்பொரிங்க. எல்லாரும் வைக்கிறதுதான். உங்க பிரிண்டர் மேலயும் இருக்கு.”

மூவரும் பிரிண்டரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிரிண்டர் பரிசீலனைக்கு வரவில்லை என்று தலைவர் சொன்னார். பிறகு கேட்டார்:

“இது இல்லாம திரை எரியுமா?”

“இது இல்லாம திரை எரியுமா. தெரியலைங்க. வச்சதை யாரும் எடுக்க மாட்டாங்களே.”

“அப்ப அது இல்லாம எரியும்னு உங்களால எழுத முடியாது. இருக்கறதை எழுதணும். இது இருக்கு.”

அதை மறுக்க பெங்கால் முடியாது. சின்ச்சுவில் யாராலும் முடியாது.

மன்றம் தீர்மானித்தது. திரை பொட்டலத்தைச் சார்ந்திருக்கிறது. ஆகவே முதலில் பொட்டலத்துக்கு விவரக் கோப்பு வரவேண்டும். அது ஏற்கப்பட்ட பிறகே அதைச் சார்ந்த திரைக்கு. பொட்டலத்தைக் கொண்டுவந்தவரே அதன் பொறுப்பாளர். கொண்டுவந்தது யார் என்று கேட்டார்கள். பெங் உண்மையைச் சொன்னார்: லியாவ்.

பொட்டலத்தின் கோப்பை லியாவ் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே எழுதி முடித்தார். நிறம்: பச்சை, வேறு மதிப்பு தந்தால் பிழை. காலாவதித் தேதி: கட்டாயம். நிலை: பிரிக்கப்படாதது. சுவை: தேங்காய்ப்பால்; விருப்பத்துக்குரியது. முதல் அனுப்புதலிலேயே ஏற்றுக்கொண்டார்கள். ஒரு கேள்வி இல்லை. ‘ஒத்துக்கொண்டேன்’ விழுந்தது, ‘படித்தேன்’ விழுந்தது. லுவோ அம்மையார் ஓரத்தில் தன் கையாலேயே ‘தெளிவு’ என்று எழுதியிருந்தார். பெங்கின் திரைக் கோப்பு இன்னும் வரிசையில் காத்திருந்தது.

அன்று முதல் பெங்கின் பொறாமை இடம் மாறியது. லியாவின் மேல் பொறாமைப்பட்டுப் பழகியிருந்தார். அதில் ஒரு நியாயமாவது இருந்தது, லியாவ் மனிதர். இப்போது காலையில் வந்து உட்கார்ந்தால் எதிரே பொட்டலம் உட்கார்ந்திருந்தது. அதில் அச்சடித்த பொம்மைப் பையன் சிரித்துக்கொண்டிருந்தான். முயற்சி ஏதும் செய்யாமல் ஏற்கப்பட்டவர்களிடம் இருக்கும் சிரிப்பு அது.

ஒரு மதியம், மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில், எங்கள் ஊரில் யாரும் செய்யாததை அவர் செய்தார். பொட்டலத்தைப் பிடித்து இழுத்தார்.

திரை இருண்டது.

திரும்பச் செருகினார், எரிந்தது. ஒரு மூலையை மட்டும் தூக்கினார்; சிமிட்டியது. குனிந்து உள்ளே பார்த்தபோதுதான் தெரிந்தது. பலகையிலிருந்து திரைக்குப் போகும் நாடாக் கம்பியின் இணைப்பில், நகக்கண் அளவு இருக்கும் கறுப்புத் தாழ்ப்பாள் திறந்தே கிடந்தது. மூட மறந்தவர் அவர்தான். ஊதிய பொட்டலம் கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது. அவர் நகத்தால் தாழ்ப்பாளை மூடினார். பொட்டலத்தை எடுத்தார். திரை எரிந்துகொண்டே இருந்தது. பேருந்து எண்கள் வரிசையாக வந்தன.

அன்று அவர் பன்றியிறைச்சி உருண்டைச் சூப்பைப் பெரிய கிண்ணமாக வாங்கிக் குடித்தார். ஆக, லியாவின் நான்காவது கோப்பு வெறும் பொரி. பொட்டலத்துக்கும் திரைக்கும் சம்பந்தமில்லை என்று நிரூபித்து அதை நீக்கச் சொல்லி மன்றத்துக்குப் போனார்.

லுவோ அம்மையார் பொறுமையாகக் கேட்டார். பிறகு, ஏற்ற விவரத்தை நீக்க முடியாது என்றார். அது மன்றம் உலகுக்குக் கொடுத்த வாக்கு.

“அந்தப் பொட்டலத்தை நம்பி எங்கேயோ ஒரு கணினி இருக்கலாம்.”

“அந்தப் பொட்டலத்தை நம்பி எங்கேயோ ஒரு கணினி இருக்கலாம். இல்லைங்க. உலகத்துலயே ஒரே பலகைதான். என் மேஜை மேல இருக்கு.”

“இல்லாத கணினியை உங்களால விவரிக்க முடியுமா?”

“இல்லாத கணினியை உங்களால விவரிக்க முடியுமா. முடியாதுங்க.”

“அப்ப அது இல்லைன்னும் சொல்ல முடியாது.”

ஒரே ஒரு வழி இருந்தது. பொட்டலத்தின் கோப்பில் ‘கைவிடப்பட்டது’ என்று ஒரு வரி சேர்க்கலாம். கைவிடப்பட்டது என்றால் நீக்கப்பட்டது அல்ல. புதிதாக யாரும் நம்பக்கூடாது. ஏற்கெனவே நம்பியவர்களுக்காக அது என்றென்றும் இருக்கும். காலாவதித் தேதி கடக்குமுன் பொட்டலத்தை மாற்றவும் வேண்டும். அந்த வரியைச் சேர்க்கிறவர், பழைய பொறுப்பாளர் சம்மதித்தால், பொறுப்பை ஏற்கவேண்டும். திரையின் கோப்பு? அது பொட்டலமுள்ள பலகையைப் பற்றியது. பொட்டலமில்லாதது வேறு பலகை. புதிதாகத் தொடங்கலாம்.

விருந்துக்கு அதிக நாள் இல்லை. பெங் லியாவின் மேஜைக்கு வந்து நின்றார். லியாவ் சம்மதிக்கமாட்டார் என்று எண்ணியிருந்தார்; சம்மதிக்காவிட்டால் அவரை மனதார வெறுக்கலாம் என்ற ஆறுதலும் இருந்தது.

“தாராளமா எடுத்துக்கோங்க அண்ணே,” என்றார் லியாவ். “எனக்கும் பேரைக் குறைச்சுக்க வேண்டிய நேரம் வந்துடுச்சு.”

என்ன அர்த்தம் என்று பெங் கேட்கவில்லை. நல்லவர்கள் இப்படி ஏதாவது சொல்வார்கள் என்று விட்டுவிட்டார்.

கோப்பு மாறியது. பொறுப்பாளர்: பெங் வென்ஷாங். யூஃபெனிடம் காட்டினார். அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள்.

“கைவிடப்பட்டதுன்னு போட்டிருக்கே. உன்னையா?”

“பொரியை.”

“பேரு பக்கத்துலயே இருக்கு. படிக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றாள். ஆனாலும் அதைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டாள். மறுநாள் மார்க்கெட்டில் பெயர் மட்டும் தெரியும்படி விரலால் கீழ்ப்பாதியை மறைத்துக் காட்டினாள் என்று கேள்வி.

விருந்தில் பெங்கும் லியாவும் முதலாளியின் மேஜையில் உட்கார வைக்கப்பட்டார்கள். வட்ட மேஜை, நடுவே சுழலும் கண்ணாடித் தட்டு. கோழி வந்து இறங்கியது. தலை கணக்குப் பிரிவுப் பெண்ணைப் பார்த்தபடி இருந்தது. அவள் மிகுந்த மரியாதையோடு, முதலாளிக்கு முதலில் என்று தட்டை லேசாகச் சுழற்றினாள். அடுத்தவர், பெரியவருக்கு இறால் என்று சுழற்றினார். இன்னொருவர் சோயா கேட்டுச் சுழற்றினார். அந்த மேஜையில் அவ்வளவு உபசாரம் அதற்கு முன்னும் பின்னும் நடந்ததில்லை. யாரும் எதையும் எடுக்கவில்லை. கோழி எல்லாரையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டு சுற்றிவந்தது. பெங்கின் முன் வந்தபோது, அவர் லியாவுக்கு மூங்கில்குருத்து வேண்டுமா என்று கேட்டுத் தட்டைத் தள்ளினார்.

முதலாளி கையை வைத்துத் தட்டை நிறுத்தினார். தலை லியாவைப் பார்த்து நின்றது.

“மூணு கோப்பு இருந்தது. மூணும் விக்காத சிப்பு. நாலாவதையும் குடுத்துட்டார்,” என்றார் முதலாளி. “இப்ப இவர் பேர்ல உயிரோட ஒண்ணும் இல்ல.”

பெங்குக்கு உள்ளே ஏதோ இனிப்பாகப் பரவியது. அதை முகத்துக்கு வரவிடாமல் பிடித்துக்கொண்டு, வருத்தமான முகத்தோடு லியாவின் பக்கம் திரும்பினார். லியாவ் சிரித்துக்கொண்டிருந்தார். கோப்பையை இரு கையாலும் தூக்கி முதலாளிக்கு நீட்டினார்.

“அதான் முதலாளி, மன்றத்துல சேரத் தகுதி,” என்றார். “லுவோ அம்மையார்கிட்ட ‘ஒத்துக்கொண்டேன்’ முத்திரைக்காரர் ஓய்வு பெறுறார். பேர்ல உயிரோட ஒண்ணும் இல்லாத ஆள் வேணும்னு கேட்டாங்க. நாளைலேர்ந்து ஏழாவது மாடி.”

முதலாளி எழுந்து நின்று அவருடன் குடித்தார். எல்லாரும் எழுந்தார்கள். பெங்கும் எழுந்தார். கோழியின் கழுத்தை யாரோ அவர் தட்டில் வைத்தார்கள்.

புத்தாண்டு விடுமுறை முடிந்து பெங் வேலைக்கு வந்தார். நாற்காலி இருந்தது. பக்கத்து மேஜை காலியாக இருந்தது. பலகை எரிந்துகொண்டிருந்தது, தாழ்ப்பாள் மூடியிருந்தது. கோப்பின்படி, புதிய தேதியிட்ட பச்சைப் பொட்டலம் ஒன்றை வாங்கிவந்து, ஒன்றுக்கும் உதவாமல் அதே இடத்தில் செருகினார். புகைப்படம் எடுத்து மேலே அனுப்பினார்.

பதில் அன்றே வந்தது. இவ்வளவு சீக்கிரம் மன்றம் யாருக்கும் பதில் தந்ததில்லை. ‘அன்புள்ள பெங் அண்ணன் அவர்களுக்கு’ என்று அன்பாகவே தொடங்கியிருந்தது. பொட்டலம் திருத்தமாக உள்ளது. ஆனால் படத்தில் திரை எரிகிறது. எரிவது இயக்கு நிரலின் விருப்பம். வன்பொருளுக்கு விருப்பம் கிடையாது. தயவுசெய்து அணைத்துவிட்டு மறுபடி எடுத்து அனுப்பவும். இப்படிக்கு, லியாவ் ஜிங்டாங்.

அவர் அணைத்தார். இருண்ட கண்ணாடியில் அவருடைய முகம் தெரிந்தது, பக்கத்தில் பொட்டலம் தெரிந்தது. இரண்டில் பொட்டலம்தான் நிம்மதியாக இருந்தது. அதை முதல் தடவையிலேயே ஏற்றுக்கொண்டிருந்தார்கள்.